எட்டாவது தாளுக்குப் பின்னால் ஒரு மலை

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். கோத்தகிரியில் அத்தை வீட்டுத் திண்ணை. காலை ஏழு மணி இருக்கும். முற்றம் முடிகிற இடத்தில் தேயிலைத் தோட்டம் தொடங்கிவிடும். அதற்குள் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் மரம் நல்ல கறுப்பு, பட்டையில் ஒட்டிய பாசிகூடத் தெரிந்தது. இரண்டாவது மரம் அடுப்புச் சாம்பல் நிறம். மூன்றாவது, பென்சிலில் போட்டுவிட்டு ரப்பர் வைத்துத் தேய்த்த மாதிரி. நான்காவதை உண்மையிலேயே பார்த்தேனா, அங்கே ஒரு மரம் உண்டு என்று தெரிந்ததால் பார்த்த மாதிரி தோன்றியதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தை காபி டம்ளரை நீட்டினார். "மஞ்சு இறங்கிருச்சு கண்ணு. இனி பத்து மணி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. உள்ள வந்து உக்காரு."

ஒன்றும் தெரியாத அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் ஒவ்வொரு மார்கழியும் மலையேறி வருகிறேன். பனிக்குள் நிற்கும் மரங்களை டிரேசிங் பேப்பரில் அடுக்கடுக்காக வரைவது கடந்த சில வருடங்களாக என் வேலை, என் பைத்தியம், எல்லாமே. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் வழக்கமான வழிகளில்தான் முயன்றேன். வாட்டர்கலரில் தாளை நனைத்து, ஈரத்தின் மேலேயே நிறத்தை விட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அது கறை மாதிரி இருந்ததே ஒழிய தூரம் மாதிரி இல்லை. கரித்துண்டால் வரைந்து பஞ்சால் தேய்த்தேன், புகை வந்தது. போஸ்டர் கலர் வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து மரத்தின் மேல் பூசினேன், சுண்ணாம்பு அடித்த மரம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பனியை ஒரு பொருளாக நினைத்து, அதை வரைய முயன்றிருக்கிறேன். எனக்கும் மரத்துக்கும் நடுவில் இருப்பதைத் தாளின் மேல் எப்படி வரைவது?

விடை என் பழைய வேலையில் இருந்தது.

ஐடிஐயில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போது எல்லாமே கையால். பெரிய மரப்பலகை, மினி டிராஃப்டர், ரோட்ரிங் பேனா, டிரேசிங் பேப்பர் சுருள். டிரேசிங்கில் வியர்வை விரல் பட்டால் அந்த இடத்தில் மை பிடிக்காது. அதனால் வேலை தொடங்கும் முன் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, துணியால் துடைத்துவிடுவோம். கோடு தப்பினால் பிளேடைப் பாதியாக உடைத்து, மையை மட்டும் சுரண்டி எடுத்து, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடு அங்கே ஊறிப் பரவிவிடும். முடிந்த வரைபடம் அம்மோனியா பிரிண்ட் எடுக்கப் போகும். பிரிண்ட் எடுத்து வந்த தாள்களைப் பிரித்தால் கண்ணெல்லாம் எரியும்.

முதல் மாடியின் பிளான் வரைய வேண்டுமென்றால், தரைத்தளத்தின் பிளானைப் பலகையில் ஒட்டி, அதன் மேல் புதிய டிரேசிங்கை விரிப்போம். கீழே இருக்கும் சுவரும் தூணும் தெரிந்தால்தானே மேல் மாடிச் சுவரை அதே இடத்தில் வைக்க முடியும்? தரைத்தளத்துக்கும் கீழே அஸ்திவாரப் பிளான் இருக்கும். ஆக மூன்று தாள். மேலே நான் போடும் கோடு கறுப்பு. அதன் கீழே தரைத்தளம் சாம்பல். அதற்கும் கீழே அஸ்திவாரத் தூண்கள், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் சதுரங்கள். வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோத்தகிரியின் காலைதான் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது, பலகைகள் போயின. மீந்துபோன சுருள் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் போட்டிருந்தேன். பல வருடம் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து சில்வர் ஓக் மரங்களை எண்ணும்போது அந்தச் சுருள் ஞாபகம் வந்தது.

வீட்டில் இதை ஒரு முறை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் மார்க்கரால் தடிமனாக ஒரு கறுப்புப் பட்டை போடுங்கள். அதன் மேல் ஒரு டிரேசிங் தாளை முழுப் பட்டையையும் மூடுகிற மாதிரி வையுங்கள். அடுத்ததைக் கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம் தள்ளி, படிக்கட்டு மாதிரி அடுக்குங்கள். கறுப்பு, படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும். ஆனால் படிகள் ஒரே அளவில் இருக்காது. முதல் தாள் பெரிய மாற்றம் செய்யும். இரண்டாவது அதைவிடக் குறைவு. ஆறாவது, ஏழாவது தாளில் வித்தியாசமே தெரியாது.

காரணம், ஒவ்வொரு தாளும் ஒரு குறிப்பிட்ட அளவை எடுப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட விகிதத்தை எடுக்கிறது. ஒரு தாள் நூற்றுக்கு அறுபதை மட்டும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தாளில் 36, மூன்றில் 22, நான்கில் 13, ஐந்தில் 8, ஆறில் 5, ஏழில் 3. எட்டாவது தாளில் 2க்கும் கீழே போய்விடும்.

பனியும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது. ஹரால்ட் கோஷ்மீடர் என்ற ஜெர்மன் வானிலை ஆய்வாளர் 1924இல் இதைச் சூத்திரமாக எழுதினார். ஒரு கறுப்புப் பொருளுக்கும் அதன் பின்னால் இருக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடு, தூரம் கூடக் கூட இதே மாதிரி விகிதத்தில் தேய்கிறது. அது நூற்றில் 2 பங்குக்கு வந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்தத் தூரத்தைத்தான் பார்வைத் தூரம் என்கிறார்கள். அது 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறையின் கணக்கில் அது மூடுபனி. இதைப் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மேசை மேல் இருந்த தாள் அடுக்கும் ஜன்னலுக்கு வெளியே இருந்த மலையும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை! அப்படியானால் பனியை வரைய வேண்டியதே இல்லை. மரத்தை வரைந்து, அதற்கு முன்னால் எத்தனை தாள் என்று முடிவு செய்தால் போதும்.

பனி மறைக்கும் விதத்தையும் இந்தத் தாள்தான் எனக்குப் புரியவைத்தது. பனியில் மிதக்கும் நீர்த்துளிகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து ஐம்பதில் ஒரு பங்கு வரை. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். மரத்திலிருந்து கண்ணுக்கு வர வேண்டியது குறைகிறது. அதே நேரம் எங்கெங்கோ இருந்து வந்த வெளிச்சம் நடுவில் புகுந்து கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் தூரத்து மரம் இருட்டாகாமல் வெளுக்கிறது. டிரேசிங் தாளும் தன் பங்குக்கு ஒரு வெண்மையைச் சேர்க்கிறது. பின்னால் இருப்பது மெல்ல மெல்லத் தாளின் நிறத்துக்கே போய்ச் சேர்கிறது.

இது புரிந்த பிறகும் முதல் படம் தோற்றது. தூரத்து மலையைத் தூரம்தானே என்று, வெளிறிய கோடு விழும் 2எச் பென்சிலால் மென்மையாகப் போட்டிருந்தேன். நான்கு தாள் விழுந்ததும் மலையே காணாமல் போனது. வெளிறச் செய்யும் வேலையைக் கையும் செய்து, தாளும் செய்துவிட்டது. இப்போது எல்லாத் தாளிலும் நல்ல கறுப்பாக விழும் ஒரே 4பி பென்சில், ஒரே அழுத்தம். கடைசியில் இருக்கும் மலையையும் முன்னால் நிற்கும் மரத்தைப் போலவே கறுப்பாக வரைகிறேன். வரையும்போது மனசு ஒப்பவே ஒப்பாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாத் தாளும் முரட்டுத்தனமாக இருக்கும். அடுக்கி வைத்த பிறகுதான் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போகும்.

பழைய அலுவலகத்துப் பாடம் இன்னொன்றும் கைகொடுத்தது. எங்கள் சீனியர் ஒருவர் எல்லைக்கோடுகளையும் கட்டங்களையும் தாளின் பின்பக்கம் போடச் சொல்வார். "முன்னால சுரண்டுனாலும் பின்னால உள்ளது போகாதும்மா" என்பார். பின்பக்கம் போட்ட கோடு முன்னாலிருந்து பார்த்தால் ஒரு படி மங்கலாகத் தெரியும். அதை இப்போது மரத்துக்குப் பயன்படுத்துகிறேன். ஒரே தாளில், முன்பக்கம் ஒரு கிளை, பின்பக்கம் அதற்கு இரண்டடி தள்ளி இருக்கும் கிளை.

அடுத்தது இடைவெளி. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டிரேசிங் தாள் படத்தின் மேல் ஒட்டிக் கிடந்தால் கீழே உள்ள கோடு மங்கும், ஆனால் கூர்மையாகவே இருக்கும். தாளை ஒரு விரற்கடை தூக்குங்கள், கோடு கரையத் தொடங்கும். இன்னும் தூக்குங்கள், நிழலாகிவிடும். அதாவது எண்ணிக்கை ஒன்று, இடைவெளி ஒன்று என்று கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. தாள் எண்ணிக்கை நிறத்தை வெளுக்கும், இடைவெளி விளிம்பை உருக்கும். ஃபிரேமுக்குப் போடும் மவுண்ட் போர்டைச் சிறு கீற்றுகளாக வெட்டி, தாள்களுக்கு நடுவில் ஓரங்களில் வைக்கிறேன். முன் மரங்களுக்கு நடுவில் இடைவெளியே வேண்டாம். நடுவிலிருக்கும் சோலைக்கு ஒரு கீற்று. கடைசி மலைக்கு மூன்று, நான்கு.

இதைத் தெரியாத ஒரு ஃபிரேம் கடையில் என் முதல் நல்ல படத்தைக் கொடுத்தேன். அவர்கள் நல்ல எண்ணத்தில் கீற்றுகளையெல்லாம் எடுத்துவிட்டு, தாள்களை ஒன்றாகச் சேர்த்து அழுத்தி, மேலே கண்ணாடியை வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். "லூசா இருந்துச்சுங்க, டைட் பண்ணிட்டோம்." வாங்கிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. எல்லாக் கோடும் இருந்தது, தூரம் இல்லை. ஐந்து மாதத்து வேலை. மறுபடி பிரிக்கும்போது இரண்டு தாள் கிழிந்தது. அதிலிருந்து பெட்டி போல ஆழமான சட்டத்தை நானே பக்கத்தில் நின்று செய்துகொள்கிறேன். கண்ணாடிக்கும் முதல் தாளுக்கும் நடுவில் கண்டிப்பாக ஒரு கட்டை இருக்கும்.

இன்னொரு முறை, படத்தைக் கோயம்புத்தூரில் முடித்து, எல்லாத் தாள்களையும் நான்கு ஓரமும் ஒட்டி, அத்தைக்குப் பொங்கல் பரிசாகக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனேன். இரண்டே நாளில் தாள்கள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. டிரேசிங் தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சட்டென்று குடித்து விரியும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் விரிந்தது எங்கே போகும்? அலையாகத்தான் எழும். மஞ்சைப் பற்றிய படத்தை மஞ்சே வந்து கெடுத்தது. இப்போது தாளின் மேல் ஓரத்தை மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டி, காலண்டர் தாள் மாதிரி தொங்கவிடுகிறேன். ஈரத்தில் நீண்டால் நீளட்டும், காய்ந்தால் சுருங்கட்டும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காகிதம் ஏன் வெள்ளையாக இருக்கிறது? நார் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நிறமில்லாதது. நாருக்கும் நாருக்கும் நடுவில் காற்று இருக்கிறது. வெளிச்சம் நாரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிப் போகும்போது சிதறுகிறது, அதுதான் வெண்மை. டிரேசிங் தாளுக்குக் கூழை மிக நீண்ட நேரம் அடித்து அரைப்பார்கள். நார்கள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடம் குறையும், தாள் ஊடு தெரியும். பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் ஊடு தெரிவதும் இதனால்தான், காற்று இருந்த இடத்தில் எண்ணெய் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு அற்புதம் நடக்கும். டிரேசிங் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, அடியில் ஒரு மெத்தென்ற ரப்பர் ஷீட்டை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். அழுத்திய இடத்தில் இறுகியிருந்த நார்கள் பிரியும், காற்று நுழையும், கோடு வெள்ளையாகும். பூசிய வெள்ளை அல்ல, தாளுக்குள்ளிருந்தே வருகிற வெள்ளை. ஊட்டிப் பக்கத்து உறைபனியை நான் இப்படித்தான் வரைகிறேன். ஒரு புல் இதழின் விளிம்பு, அதில் ஊசி ஊசியாக நிற்கும் பனிப்படிகம், வேலிக் கம்பியில் தொங்கும் சிலந்தி வலை. ஒரு வலைக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். கை கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் தாள் பொத்துக்கொள்ளும், குறைவாக அழுத்தினால் நாளைக்குள் மறைந்துவிடும். சரியான அழுத்தம் பேனா முனையில் ஒரு சிறு நெகிழ்வாகத் தெரியும், தோசைக்கல்லில் மாவு விரியும்போது கரண்டிக்குத் தெரிகிற மாதிரி. உறைபனியின் வெள்ளையும் இதே வகைதான். பனிக்கட்டி நிறமற்றது, படிகங்களுக்கு நடுவில் இருக்கும் காற்றுதான் அதை வெளுக்கிறது.

ஊட்டியையும் கோத்தகிரியையும் நாம் பொதுவாகப் பனி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வரைய உட்கார்ந்தால் இரண்டும் வேறு. கோத்தகிரி மலையின் கிழக்கு விளிம்பில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று சமவெளியின் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, மேட்டுப்பாளையம் பக்கத்துச் சரிவில் ஏற்றுகிறது. ஏற ஏறக் காற்று குளிர்ந்து, ஈரம் துளியாகி, மேகமே தரையில் நடந்து வருகிறது. அத்தை சொல்லும் மஞ்சு இதுதான். அது சுற்றிலும் ஒரே சீராக இருக்கும், மரங்களுக்குள் ஆள் மாதிரி நடமாடும். ஊட்டி 2,240 மீட்டர். மழை நின்று வானம் துடைத்துவிட்ட இரவுகளில் நிலத்தின் சூடு நேராக மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். முதலில் நீர்ப்பனி, பிறகு டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அங்கே விடிந்ததும் புல்வெளியிலிருந்து ஆவி எழும். இடுப்பு வரை பனி, அதற்கு மேல் பளிச்சென்ற வானம்.

நம் பழைய கணக்கில் பனிக்கே இரண்டு பருவம். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியில் விழுவதா, பிற்பகுதியில் விழுவதா என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு உரிய பொழுதாகக் குளிர்ப் பருவமான கூதிரையும் முன்பனியையும் வைத்தவர்கள், நிச்சயம் ஒரு மலையில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

ஊட்டிப் பனிக்குத் தாளை முழுசாக மூடினால் சரிவராது. கீழ்ப்பாதி மட்டும் மூட வேண்டும், அதன் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. டிரேசிங் தாளை வெட்டினாலும் கிழித்தாலும் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். இதற்கு நேபாளத்து லோக்தா தாள்தான் எனக்குச் சரிப்பட்டது. இமயமலைச் சரிவில் வளரும் ஒரு புதரின் பட்டையிலிருந்து செய்வது, நார் நீளமானது. மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால், நார்கள் முடி முடியாகப் பிரிந்து விளிம்பு தேய்ந்து வரும். அந்த விளிம்பைப் புல்வெளிக்குச் சற்று மேலே வைத்தால் ஆவி எழுவது போல் இருக்கும். ஜப்பானில் கோச்சி மாகாணத்தில் தெங்குஜோ என்ற தாள் செய்கிறார்கள், ஒரு சதுர மீட்டரே 2 கிராமுக்கும் கீழே. சிதைந்த பழைய ஏடுகளின் மேல் ஒட்டிப் பாதுகாப்பதற்கு உலகமெங்கும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதில் ஒரு தாளாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜப்பான் என்றதும் ஹசெகவா தொஹாகு. 1539இல் பிறந்து 1610இல் இறந்த ஓவியர். அவருடைய பைன் மரங்கள் என்ற படம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறாறு மடிப்பாக இரண்டு திரைகள், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் அகலம், வெறும் மையும் தாளும். நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் வெற்றுத் தாள். பக்கத்து மரத்தின் ஊசியிலைகளைக் கோபத்தில் கீறிய மாதிரி கறுப்பாக இழுத்திருக்கிறார். தூரத்து மரங்கள் தண்ணீர் கலந்த மையில் ஒரு மூச்சு. எனக்கு ஏழெட்டுத் தாள் தேவைப்படுவதை அவர் ஒரே தாளில், மையின் அடர்த்தியை மட்டும் வைத்துச் செய்துவிட்டார். அந்த அச்சுப் பிரதியை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வெற்றிடத்தில் எதையாவது போடலாமா என்று கை துறுதுறுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து அதைப் பார்ப்பேன்.

சோலை மரங்களை வரைவது தனிக் கஷ்டம். சைப்ரஸும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும் நிமிர்ந்த கோடுகள், பனியில் இரண்டு கீறலில் வந்துவிடும். சோலை அப்படி இல்லை. ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தின் தோளில் சாய்ந்திருக்கும், காலிஃபிளவர் பூ மாதிரி உருண்டை உருண்டையாக. கிளைகளில் பாசியும் தாடி மாதிரி தொங்கும் மரப்பாசியும். பனி இல்லாத நாளில் அது ஒரே பச்சைக் குவியல். மஞ்சு உள்ளே நுழையும்போதுதான் குவியல் பிரியும். இது முன்னால், அது பின்னால், அதற்கும் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது என்று தெரியும். பனி மறைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சோலைக்குள் அது ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே எடுத்துக் காட்டுவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு ஜனவரியில், தங்கள் குலதெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழாவுக்காகப் பேரகணி என்ற ஊருக்குப் போகும் நீலகிரியின் படகர் மக்களை வழியில் பார்த்தேன். ஆணும் பெண்ணும் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். சாலை வளைவிலிருந்து ஊர்வலம் வந்தது. வெள்ளைப் பனிக்குள்ளிருந்து வெள்ளை உடை. முதலில் தெரிந்தது தலைமுடிகளும் முகங்களும்தான், அவை காற்றில் மிதந்து வந்தன. பிறகு கைகள். இன்னும் பக்கத்தில் வந்ததும் துணியின் மடிப்புகள். குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. வழிவிட்டு ஓரமாக நின்றேன். கடந்துபோகும்போது ஒரு பாட்டி என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். விரல்கள் ஐஸாக இருந்தன.

அந்த ஊர்வலத்தை வரைய இரண்டு மார்கழி ஆனது. ஐந்து தாள்களில் ஐந்து கூட்டம். உடம்பை வரையவே இல்லை. தலைகள், கைகள், பாதங்கள், ஒரு குடை. முதல் தாளில் மட்டும் மை தீர்ந்த பேனாவால் சேலை மடிப்பை அழுத்தியிருக்கிறேன், பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் அது தெரியும்.

படத்தை மாட்டும் இடம் பற்றிக் கேட்பவர்களிடம் எப்போதும் சொல்வேன், ஜன்னலுக்கு எதிரிலோ பக்கத்திலோ மாட்டுங்கள், ஜன்னலிலேயே வைக்காதீர்கள். முன்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் தாள்களின் மேல் அந்த வெண்மையைப் படர விடுகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அந்த வெண்மைத் திரை விலகி, எல்லாத் தாளும் ஒன்றாக முன்னுக்கு வந்துவிடும்.

இதைச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு படத்தைப் பற்றி.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை போனால், எதிரில் ரங்கசாமி மலை, கீழே வெகு ஆழத்தில் மாயாறு, அதன் கரையில் தெங்குமரஹாடா என்ற ஊர். போன மார்கழியில் நாங்கள் போன அன்று கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. வெள்ளை. ஒரு மணி நேரம் நின்றோம். அத்தைக்கு மூட்டு வலி. "வா கண்ணு, இன்னிக்கு அது காட்டாது" என்று திரும்பினார். அப்போது வெள்ளையில் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள் மலையின் தோள், உச்சி, அதற்குக் கீழே வெயில் பட்ட ஒரு பாறை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டது. "இருந்துச்சா?" என்றார். "இருந்துச்சுங்க அத்தை" என்றேன்.

அந்தப் படத்தில் எட்டுத் தாள். முதல் தாளில் கம்பியும் அதில் தொங்கும் நீர்த்துளிகளும். இரண்டாவதில் ஒரு கிளை. மூன்றிலிருந்து ஏழு வரை வெறும் தாள், ஒரு புள்ளிகூட இல்லை. எட்டாவதில் ரங்கசாமி மலை, தோளும் உச்சியும் பாறையுமாக, 4பி பென்சிலில் முழுக் கறுப்பில். அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. அடுக்கி முடித்தபோது எண்ணியபடியே அது போய்விட்டது. கம்பி, கிளை, அதற்குப் பின்னால் வெள்ளை.

அத்தை வீட்டில் கொடுத்தேன். ஆணி அடிக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று, பின்பக்க அட்டை இன்னும் பொருத்தாமல், கிழக்கு ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் மஞ்சு இல்லை, நேர் வெயில். சமையலறையிலிருந்து அத்தை கூப்பிடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். கையில் டிகாக்ஷன் பாத்திரத்தோடு ஜன்னலுக்கு எதிரில் நின்றிருந்தார்.

"இங்க பாரு கண்ணு," என்றார். "இருக்குது."